ஒரு காதுக் கேளாமையும் மறு காதின் மறைப்பும்

வளர்ந்தோரின் கேளாமையைப் பற்றிய நூல்களும் அரசுத் திட்டங்களும் பெரும்பாலும் இரு காதுகளும் மந்தமாகிய நிலையையே மனத்திற்கொண்டு எழுதப்பட்டிருப்பதால், ஒரு காது மட்டும் கெட்டு மற்றொன்று நன்றாக இருக்கும் நிலை நெடுங்காலம் பொருட்படுத்தப்படாமலே இருந்துவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கேட்டல் குறித்த உலக அறிக்கை இதற்குத் தனி வரையறை ஒன்றைத் தந்தது. ஒருவரால் மட்டுமட்டாகக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவைக் கேட்பு எல்லை என்பர். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் இதை அளந்து எடுக்கும் சராசரி, நல்ல காதில் 20 டெசிபலுக்குக் குறைவாகவும் மற்றக் காதில் 35 டெசிபலோ அதற்கு மேலோ இருக்குமானால் அது ஒருபக்கக் கேளாமை எனப்படும். வரையறை எளிதாகத் தோன்றினாலும், இந்நிலையைக் கண்டறிவதும் கையாள்வதும் எளிதல்ல. நோயாளியின் அன்றாட வாழ்விலும், மருத்துவரின் சோதனையிலும், சட்டத்தின் கணக்கிலும், நன்றாக இருக்கும் காது கெட்டுப்போன காதை மறைத்துவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். இக்கட்டுரை அந்த மறைப்பைத் தொடர்ந்து சென்று, அது எந்தெந்த இடங்களில் நோயறிதலைத் திசைமாற்றுகிறது என்பதையும் சிகிச்சையில் இன்று கைக்கொள்ளப்படும் வழிகள் எந்த அளவுக்கு உறுதியானவை என்பதையும் ஆராய்கிறது.

இரு காதுகளின் பணி

ஒரு காது இருந்தாலே போதும், மற்றது உதிரி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது இவ்வெண்ணம் ஏறத்தாழ உண்மையாகவும் தோன்றும். ஆனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை அறிவது இரு காதுகளையும் ஒப்பிட்டே ஆகும். வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலக்காதை முதலில் அடைந்து, இடக்காதைச் சற்றுப் பின்னரே அடைகிறது. இந்த இடைவெளி மிகுதியாக இருக்கும்போதும் ஒரு மில்லிநொடியின் பத்தில் ஆறேழு பங்குதான். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கு இக்கால வேறுபாடு உதவுகிறது. உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத் தலையே தடுத்து அப்பாலுள்ள காதில் நிழல்போல் ஒலிக்குறைவை உண்டாக்குவதால், இரு காதுகளுக்கும் இடையே 20 டெசிபல் வரையிலும்கூட வேறுபாடு ஏற்படும். இவ்விரண்டு குறிப்புகளையும் இணைத்து விளக்கியவர் பிரிட்டானிய இயற்பியலாளர் ரேலி பிரபு, ஆண்டு 1907. இவை தவிர, இரு காதுகளும் சேர்ந்து கேட்கும்போது ஒலி சற்று உரத்துக் கேட்பதும், இரைச்சலையும் பேச்சையும் மூளை பிரித்தெடுப்பதும் இரு காதுகளின் கூட்டு வேலையாலேயே நிகழ்கின்றன.

ஆகவே ஒரு காதை இழந்தவரின் முறையீடு 'கேட்கவில்லை' என்பதாக இருப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தியில் அமர்ந்திருக்கும்போது ஒரு பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரிவதில்லை, சாலையில் ஹாரன் ஒலித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரிவதில்லை, வீட்டில் ஒலிக்கும் கைப்பேசி எந்த அறையில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது என்றே அவர் சொல்வார். ச, ஷ போன்ற உரசொலிகளின் ஆற்றல் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் தலையின் நிழல் அவற்றையே முதலில் விழுங்குகிறது. கெட்ட காதின் பக்கமிருந்து பேசுபவரின் குரல் கேட்டும் சொற்கள் மட்டும் தெளியாமற்போவதற்கு இதுவே விளக்கம். இவ்விடர்களை வீட்டாரும் அலுவலகத்தாரும் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். குறை மெல்ல மெல்ல ஏற்பட்டிருந்தால் நோயாளிக்கே அது தெரியாமல், தற்செயலாகத் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றும் நாளில்தான் வெளிப்படும். அன்று கண்டறியப்பட்ட நாளையே குறை தொடங்கிய நாளாக அவர் கூறுவதும் இயல்பு. ஆகவே 'திடீரென்று கேட்காமற்போனது' என்ற வாக்குமூலத்தை மருத்துவர் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், முந்தைய நாள்வரை அதே காதில் தொலைபேசி கேட்டதா என்று விசாரித்தறிதல் வேண்டும்.

இசைக்கவையும் மறைப்பொலியும்

கேளாமையை இரு பெரும் வகைகளாகப் பிரிப்பதே நோயறிதலின் முதல் வேலை. புறச்செவிக் குழாய், செவிப்பறை, நடுச்செவியின் சிற்றெலும்புகள் ஆகிய ஒலி செல்லும் வழியில் ஏற்படும் தடை கடத்தல் கேளாமை. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உட்செவியின் நத்தைச் சுருளிலோ அதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிலோ ஏற்படும் பழுது உணர்நரம்புக் கேளாமை. முன்னது பெரும்பாலும் அவசரமற்றது, திருத்தக்கூடியது. பின்னது சில வேளைகளில் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியது. இவ்விரண்டையும் பிரித்தறிய 19-ஆம் நூற்றாண்டில் உருவான கருவி இன்றும் போதுமானதாக இருக்கிறது: 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1834-இல் விவரித்த முறையில், அதிரும் இசைக்கவையை நெற்றியின் நடுவில் வைத்தால், கடத்தல் கேளாமை உள்ளவருக்கு ஒலி கெட்ட காதிலும், உணர்நரம்புக் கேளாமை உள்ளவருக்கு நல்ல காதிலும் கேட்கும். அடால்ஃப் ரின்னே 1855-இல் தந்த முறையில், காதின் பின்னெலும்பில் வைத்துக் கேட்கும் ஒலியும் காதின் எதிரே காற்றின் வழியாகக் கேட்கும் ஒலியும் ஒப்பிடப்படுகின்றன. எலும்புவழி ஒலி உரத்துக் கேட்டால் நடுச்செவியில் தடை உள்ளது என்று பொருள். இசைக்கவை கையில் இல்லாதபோதும் நோயாளியை வாய்மூடி 'ம்' என்று முனகச் சொன்னால், அம்முனகல் எந்தக் காதில் உரத்துக் கேட்கிறது என்பது வேபர் சோதனை தரும் அதே குறிப்பைத் தரும். தொலைபேசியில் பேசும் மருத்துவரும் இதைச் செய்யச் சொல்லலாம் என்பது இதன் அருமை.

நல்ல காதின் மறைப்பு முதன்முதலில் மருத்துவரை ஏமாற்றுவது இவ்விடத்தில்தான். உட்செவி முற்றிலும் செயலிழந்த காதின் பின்னெலும்பில் இசைக்கவையை வைத்தால், மண்டையோடு வழியாக ஒலி எதிர்ப்பக்க நத்தைச் சுருளை எட்டிவிடுகிறது. நோயாளி 'கேட்கிறது' என்கிறார், காற்றுவழி மட்டும் கேட்பதில்லை. ரின்னே சோதனை கடத்தல் கேளாமை என்று பொய்யாகத் தீர்ப்பளிக்கிறது. வேபர் சோதனையோ நல்ல காதைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவதே உண்மையைச் சொல்லும் குறிப்பு என்பதை உணராமல், ஒரு சோதனையை மட்டும் செய்து நிறுத்துவோரே தவறிழைக்கின்றனர்.

இதே மறைப்பு கேட்பியல் ஆய்வுக்கூடத்திலும் தொடர்கிறது. மருத்துவமனைகளில் பி.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தூய ஒலிச் சோதனையில், 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொரு காதிலும் செலுத்தி, காற்றுவழி எல்லையும் எலும்புவழி எல்லையும் வரைபடமாகக் குறிக்கப்படுகின்றன. காதின்மேல் பதியும் வழக்கமான ஒலிப்பானில் ஏறத்தாழ 40 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலி மறுபக்கக் காதுக்குக் கசியத் தொடங்குகிறது. எலும்புவழி அதிர்வியிலோ கசிவுக்குத் தடை ஏதும் இல்லை எனலாம். எனவே நல்ல காதில் இரைச்சல் செலுத்தி அதைச் சோதனையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். இதற்கு மறைப்பொலி இடுதல் என்று பெயர். மறைப்பொலி இல்லாமல் எடுத்த வரைபடத்தில், சற்றும் கேளாத காது காற்றுவழி 50, 60 டெசிபல் அளவிலும், எலும்புவழி இயல்பான அளவிலும் கேட்பதுபோல் தோன்றும். கேட்பியலாளர் இதை நிழல் வளைவு என்பர். அந்த வரைபடத்தைக் காண்பவருக்கு அது அறுவைச் சிகிச்சையால் திருத்தக்கூடிய கடத்தல் கேளாமையாகவே தெரியும். மறைப்பொலி இடப்பட்டது என்பதற்கான குறியீடுகள் இல்லாத ஒருபக்கக் கேளாமை வரைபடத்தை நம்பி எந்த முடிவும் எடுக்கலாகாது என்பதை இத்துறையில் விதியாகவே கொள்ளலாம். ஒலித்தடுப்பு அறையும் பயிற்சி பெற்ற கேட்பியலாளரும் இல்லாத சிற்றூர் முகாம்களில் எடுக்கப்படும் வரைபடங்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

எதிர்த்திசையிலும் இதே இயற்பியல் பயன்படுகிறது. விபத்து இழப்பீட்டுக்காகவோ பணி தொடர்பாகவோ ஒரு காது கேளாததாக நடிப்பவரைக் கண்டறிய ஸ்டெங்கர் சோதனை உதவும். ஒரே ஒலியை இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் செலுத்தினால் உரத்த பக்கம் மட்டுமே உணரப்படும் என்பது அதன் அடிப்படை. நல்ல காதில் கேட்கும் அளவு ஒலியையும், கேளாததாகச் சொல்லும் காதில் அதைவிட உரத்த, ஆனால் அவர் ஒப்புக்கொண்ட எல்லைக்குக் கீழான ஒலியையும் செலுத்துவர். உண்மையான நோயாளி நல்ல காதில் கேட்டுக் கை உயர்த்துவார். நடிப்பவரோ ஒலியைக் 'கெட்ட' காதில் மட்டும் உணர்ந்து பேசாமலிருந்து அகப்பட்டுக்கொள்வார்.

வழியில் ஏற்படும் தடைகள்

கடத்தல் கேளாமையின் காரணங்களுள் மிக எளியது குறும்பி. குளித்தபின் திடீரென்று காது அடைத்துக்கொண்டது என்று வருவோர் பலருக்கு, நீரில் ஊறிப் பருத்த குறும்பியே காரணம். பஞ்சுக்குச்சியால் அதை உள்ளே தள்ளுவதும் காய்ச்சிய எண்ணெய் விடுவதும் நிலைமையை மோசமாக்கும். செவிப்பறைத் துளை, நாட்பட்ட சீழ்வடிதல், சிற்றெலும்புகளின் பிசகு, அங்கவடி எலும்பு இறுகிப்போகும் நோய் ஆகியன அடுத்து வருபவை. சீழ் துர்நாற்றத்தோடு வடியுமானால், நடுச்செவியில் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா இருக்கக்கூடும். அது முகநரம்பையும் மூளையையும் எட்டும் ஆபத்துடையதாகையால் அங்கே கேட்டலைவிட நோயை முற்றிலும் அகற்றுவதே முதல் நோக்கம். அங்கவடி எலும்பு இறுகுவதற்கு அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஷே 1956-இல் தொடங்கிய மாற்று எலும்பு பொருத்தும் அறுவை இன்றும் சிறந்த பலன் தருகிறது.

இப்பகுதியில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றே. வளர்ந்த ஒருவரின் ஒரு காதில் மட்டும், சளி காய்ச்சல் ஏதுமின்றி, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து வாரக்கணக்கில் வற்றாதிருந்தால், மூக்கின் பின்புறத்தில் நடுச்செவிக் குழல் திறக்குமிடத்தைக் குழாய்வழி உள்நோக்கிப் பார்த்தே ஆக வேண்டும். மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அக்குழலை அடைத்து முதலில் வெளிக்காட்டும் அறிகுறி இதுவாக இருக்கலாம். தென் சீனத்திலும் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் இப்புற்றுநோய் மிகுதி. மற்றப் பெரும்பாலான இடங்களில் அரிது. அரிது என்பதற்காகவே இது தவறவிடப்படுகிறது.

திடீர்க் கேளாமை

ஒருபக்கக் கேளாமையில் நேரம் எண்ணிச் செயல்பட வேண்டிய நிலை இது. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களிலேனும் 30 டெசிபலோ அதற்கு மேலோ உணர்நரம்புவகைக் குறைவு ஏற்படுவதைத் திடீர்க் கேளாமை என்பர். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு இலட்சம் பேரில் 5 முதல் 27 பேர் வரை இதற்கு ஆளாவதாக அந்நாட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவ அமைப்பின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி கணக்கிடுகிறது. காலையில் எழும்போது காது அடைத்ததுபோலும் உள்ளே இரைச்சல் கேட்பதுபோலும் தொடங்குவதால், நோயாளியும் அவரை முதலில் பார்ப்பவரும் அதைச் சளி அல்லது குறும்பி என்றே கருதி, மூக்குச் சொட்டு மருந்தோடும் காதுச் சொட்டு மருந்தோடும் சில வாரங்களைக் கடத்திவிடுகின்றனர். இசைக்கவையோ முனகல் சோதனையோ செய்திருந்தால் இத்தாமதம் நேர்ந்திராது. காதுக் குழாய் துப்புரவாக இருந்து, செவிப்பறையும் இயல்பாக இருந்து, முனகல் நல்ல காதில் கேட்குமானால், அன்றே அல்லது மறுநாளே கேட்பு வரைபடம் எடுத்தாக வேண்டும்.

பெரும்பாலோரிடம் காரணம் புலப்படுவதில்லை. வைரசுத் தொற்று, உட்செவிக்குச் செல்லும் நுண்தமனியின் அடைப்பு, நோயெதிர்ப்பின் பிறழ்வு என்று கருதுகோள்கள் உண்டே தவிர முடிவு இல்லை. ஆயினும் உட்செவிக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி, சிறுமூளையின் முன்கீழ்த் தமனியிலிருந்து கிளைப்பதால், கேளாமையோடு கடும் தலைசுற்றலும், நடை தள்ளாட்டமும், முக மரப்பும், இரட்டைப் பார்வையும், நாக்குழறலும் சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். முதல் ஓரிரு நாட்களில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்திலும் மூளைத்தண்டின் சிறு பக்கவாதம் தெரியாமற்போவதுண்டு. ஆகையால் படம் தெளிவாக இருப்பதைக் கண்டு நிம்மதியடைவது முறையன்று.

சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்தே நடைமுறை. அதன் சான்று, நடைமுறையில் காட்டப்படும் உறுதிக்கு ஈடானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980-இல் வில்சனும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில் ஸ்டீராய்டு பெற்றோரில் 61 விழுக்காட்டினரும் வெற்று மருந்து பெற்றோரில் 32 விழுக்காட்டினரும் தேறினர். ஆனால் அது சிறிய ஆய்வு, பின்வந்தவை எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை. எந்தச் சிகிச்சையும் இன்றியே மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கினர் வரை ஓரளவு தேறுகின்றனர் என்பதால், எதைக் கொடுத்தாலும் பலன் அளித்ததுபோலவே தோன்றும். 2011-இல் அமெரிக்காவில் 250 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, வாய்வழி மாத்திரையையும் செவிப்பறையூடே நடுச்செவிக்குள் போடும் ஊசியையும் ஒப்பிட்டது, முன்னதில் 30.7 டெசிபலும் பின்னதில் 28.7 டெசிபலும் சராசரி முன்னேற்றம் காணப்பட்டது. ஊசி மாத்திரைக்குத் தாழ்ந்ததல்ல என்ற இம்முடிவு, ஸ்டீராய்டு மாத்திரையால் இரத்தச் சர்க்கரை எகிறும் நீரிழிவு நோயாளிகள் நிறைந்த தமிழ்நாட்டுக்கு முக்கியமானது. அளவைக் கூட்டினால் பலன் கூடுமா என்ற கேள்விக்கு, ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2024-இல் வெளிவந்த ஆய்வு, கூடாது என்றும் பக்கவிளைவே கூடும் என்றும் விடையளித்தது.

2019 வழிகாட்டியின்படி முதல் இரு வாரங்களுக்குள் ஸ்டீராய்டு தரலாம். தேறாதவர்க்கு இரண்டாவது முதல் ஆறாவது வாரம் வரை நடுச்செவி ஊசி போடப்பட வேண்டும். உயரழுத்த ஆக்சிஜன் அறை, ஸ்டீராய்டோடு சேர்த்து வழங்கத்தக்க ஒரு தெரிவு. வைரசு எதிர்ப்பு மருந்து, இரத்தக் கட்டி கரைக்கும் மருந்து, இரத்தநாள விரிவு மருந்து ஆகியவற்றை வழக்கமாகத் தருவதற்கும், தலைக்கு சி.டி. எடுப்பதற்கும், இரத்தச் சோதனைகளை மொத்தமாக எழுதித் தருவதற்கும் அது எதிரானது. நம் மருந்துச் சீட்டுகளில் மேற்சொன்னவை அனைத்தும் ஒருங்கே காணப்படுவது, செய்வதறியாத நிலையில் எல்லாவற்றையும் செய்துவிடும் மனப்பாங்கையே காட்டுகிறது.

மெல்ல வளரும் வேறுபாடு

திடீரென்று வராமல் இரு காதுகளுக்கும் இடையே வேறுபாடு படிப்படியாகக் கூடிவரும் நோயாளிகளிடம் வேறொரு கேள்வி எழுகிறது: செவிநரம்பின் உறையில் வளரும் கட்டி இருக்கிறதா? வெஸ்டிபுலார் ஷ்வன்னோமா எனப்படும் இக்கட்டி, கேட்டல் நரம்பை ஒட்டிச் செல்லும் சமநிலை நரம்பின் உறையிலிருந்து தோன்றுவது, புற்றன்று, பரவுவதுமில்லை, ஆனால் இடுக்கான எலும்புக் கால்வாயில் வளர்ந்து கேட்டலைக் கெடுத்து, பெரிதானால் மூளைத்தண்டை நெருக்கும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், வரைபடம் காட்டும் குறைவுக்குப் பொருந்தாத அளவில் பேச்சுப் புரிதல் மோசமாதல், இலேசான தள்ளாட்டம் ஆகியவை இதன் தொடக்க அடையாளங்கள். திடீர்க் கேளாமையாகவும் இது வெளிப்படலாம். அத்தகையோர் ஸ்டீராய்டால் தேறிவிட்டாலும் கட்டி இல்லையென்று ஆகிவிடாது, தேறியவருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்பது இதனாலேயே.

யாருக்குப் படம் எடுப்பது என்பதற்குப் பல அளவுகோல்கள் உள்ளன. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2018-இல் தந்த வழிகாட்டி, அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் இரு காதுகளுக்கும் 15 டெசிபலோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதைக் கருதலாம் என்கிறது. இவ்வளவுகோலால் படமெடுக்கப்படும் நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரையிலேயே கட்டி காணப்படும். மற்றவர்களுக்கு அது வீண்செலவா என்ற கேள்வி, படத்தின் விலையை நோயாளியே ஏற்கும் நாட்டில் தவிர்க்க முடியாதது. பெரா சோதனை எனப்படும் மூளைத்தண்டு மின்னலைப் பதிவு மலிவானது. எனினும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளைத் தவறவிடக்கூடியது. சாயம் செலுத்தாமல் செவிநரம்புக் கால்வாயை மட்டும் மெல்லிய துண்டுகளாக எடுக்கும் குறுகிய எம்.ஆர்.ஐ. முறை இவ்விரண்டுக்கும் நடுவழி. பணமில்லாதவருக்குப் பெரா, உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. என்ற இன்றைய பிரிவினையைவிட, இக்குறுகிய படத்தை அரசு மருத்துவமனைகளில் பொதுவாக்குவதே சரியான தீர்வாகத் தோன்றுகிறது.

கட்டி உறுதியானபின் எல்லோருக்கும் அறுவை என்ற காலம் கழிந்துவிட்டது. சிறு கட்டிகள் பல ஆண்டுகள் வளராமலே இருப்பதுண்டு என்பதால், ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துக் காத்திருத்தல், குவிக்கதிர்ச் சிகிச்சை, அறுவை ஆகிய மூன்றும் நோயாளியோடு கலந்து முடிவு செய்யப்படுகின்றன. நார்வேயில் 100 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், கண்டறிந்தவுடன் கதிர்ச் சிகிச்சை பெற்றோரின் கட்டிகள் நான்காண்டுகளில் காத்திருந்தோருடையதைவிடக் கூடுதலாகச் சுருங்கின. ஆனால் அறிகுறிகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை.

வேறு காரணங்களை இங்கே சுருக்கமாகக் குறிப்பிடலாம். புரோஸ்பர் மெனியர் 1861-இல் விவரித்த நோயில், இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும் தலைசுற்றலும், தாழ்ந்த அதிர்வெண்களில் ஏறியிறங்கும் கேளாமையும், காது நிறைந்த உணர்வும் ஒன்றாக வரும். கேட்டல் ஏறியிறங்குவதால் ஒரே வரைபடத்தை வைத்து அதை முடிவு செய்ய இயலாது. பொன்னுக்கு வீங்கி எனப்படும் மம்ஸ், பெரும்பாலும் ஒரு காதையே முற்றிலுமாகக் கெடுக்கிறது. குழந்தைப் பருவத்தில் வந்து, நல்ல காதின் மறைப்பில் இருபது முப்பது ஆண்டுகள் தெரியாமலிருந்து, வேலைக்கான மருத்துவச் சோதனையில் வெளிப்படுவோர் பலர். 2017-இல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தொடங்கிய அரசின் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசியில் மம்ஸுக்கு இடமில்லை என்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தீபாவளி வெடி காதருகே வெடிப்பதாலும் ஒரு காது கெடும். வலது தோளில் துப்பாக்கியைத் தாங்கிச் சுடுபவருக்கு இடது காதே மிகுதியாகக் கெடுகிறது. அக்காது குழல்முனையை நோக்கியிருக்க, வலக்காது தலையின் நிழலில் தப்பிவிடுகிறது.

இழப்புக்கு ஈடு

உட்செவி ஓரளவேனும் வேலை செய்து, பேச்சும் புரியுமானால், வழக்கமான காது கேட்கும் கருவியே முதலில் முயலத்தக்கது. ஒலி மட்டும் பெருகிச் சொல் தெளியாதபோது அக்கருவி தொல்லையாகிவிடும். காது முற்றிலும் செயலிழந்தவருக்குப் பிற மூன்று வழிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு, கெட்ட காதுக்கு உயிர் கொடுப்பவை அல்ல, அப்பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கொண்டுசேர்ப்பவை மட்டுமே. 1965-இல் ஹார்ஃபோர்டும் பேரியும் முன்வைத்த கிராஸ் கருவியில், கெட்ட காதில் ஒலிவாங்கியும் நல்ல காதில் ஒலிபெறுவியும் பொருத்தப்படும். இன்று கம்பியின்றி இயங்கும் இதற்கு அறுவை தேவையில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1977-இல் தொடங்கிய எலும்பில் பதிக்கும் கருவியில், காதின் பின்னெலும்பில் பதித்த டைட்டானியத் திருகு வழியாக ஒலி மண்டையோட்டில் ஏறி எதிர்ப்பக்க உட்செவியை அடைகிறது. நோயறிதலில் மருத்துவரை ஏமாற்றிய அதே கசிவு இங்கே சிகிச்சையாகிறது. தலையின் நிழலை இவ்விரண்டும் நீக்குகின்றன என்பது உண்மை. ஆனால் திசையறிதலைத் திருப்பித் தருவதில்லை. கெட்ட பக்கத்தில் இரைச்சலும் நல்ல பக்கத்தில் பேச்சும் இருக்கும்போது, கருவி இரைச்சலை நல்ல காதுக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதையும் விற்பவர் சொல்வதில்லை. ஆகவே சில வாரங்களேனும் வீட்டிலும் வேலையிடத்திலும் அணிந்துபார்த்த பின்னரே வாங்குவது நல்லது. எலும்பில் பதிக்கும் கருவியையும் அறுவைக்கு முன் தலைப்பட்டையில் பொருத்திச் சோதிக்கலாம்.

மூன்றாவது வழி காக்ளியர் இம்ப்ளாண்ட்: நத்தைச் சுருளுக்குள் மின்முனைகளைச் செலுத்திக் கேட்டல் நரம்பை நேரடியாகத் தூண்டுவது. நல்ல காது இருப்பவருக்கு இதைப் பொருத்துவது ஒரு காலத்தில் நினைத்தும் பார்க்கப்படாதது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் ஒரு காது கேளாமையோடு தாங்க முடியாத காதிரைச்சலும் கொண்டோருக்கு இது பொருத்தப்பட்டு இரைச்சல் தணிந்ததாக 2008-இல் வெளியான ஆய்வே கதவைத் திறந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் ஒருபக்கக் கேளாமைக்கு இதை ஏற்றது. இரு பக்கங்களிலிருந்தும் மூளைக்குச் செய்தி செல்வது இம்முறையில் மட்டுமே என்பதால் திசையறிதல் ஓரளவு மீள்கிறது. கேட்டல் நரம்பு முழுமையாக இருக்க வேண்டும். காது கெட்டு நெடுங்காலம் ஆகியிருக்கலாகாது. மின்முனை தரும் ஒலியை இயல்பான ஒலியோடு இணைத்துப் பழக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். செலவு பல இலட்சம் ரூபாய். அரசுக் காப்பீட்டில் இக்கருவி சிறு குழந்தைகளை முன்னிறுத்தியே தரப்படுவதால், ஒரு காதை இழந்த பெரியவருக்கு இது ஏறத்தாழ எட்டாக்கனி.

சட்டமும் நல்ல காதும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, செவித்திறன் குறைந்தோரை இரு காதுகளின் இழப்பைக் கொண்டே வரையறுக்கிறது: பேச்சு அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு காது கேளாமை, 60 முதல் 70 டெசிபல் வரை கேட்புக் குறைபாடு. விழுக்காட்டைக் கணக்கிடும் முறையிலும் நல்ல காதின் இழப்புக்கு ஐந்து பங்கு எடையும் மோசமான காதுக்கு ஒரு பங்கு எடையும் தந்து ஆறால் வகுக்கப்படுகிறது. ஒரு காது முற்றிலும் போய் மற்றது முழுதும் நன்றாக இருப்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 விழுக்காடு. சலுகைகளுக்கு வேண்டியது 40. இக்கணக்கு நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது, இரு காதுகளையும் இழந்தவரின் நிலை இதைவிடப் பன்மடங்கு கடியது. ஆனால் சான்றிதழ் இல்லாமலே செய்யக்கூடியவற்றைக்கூட, அதாவது கூட்டத்தில் கெட்ட காது சுவர்ப்பக்கம் வருமாறு இருக்கை தருவதையும், ஒலியின் திசையை நம்பி நடக்க வேண்டிய வேலைகளிலிருந்து மாற்றம் தருவதையும், 'குறைபாடே இல்லை' என்ற அரசுக் கணக்கைக் காட்டி மறுப்பது அச்சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டியவற்றுள் பெரும்பாலும் விடுபட்டுப்போவது நல்ல காதின் பாதுகாப்பு. ஆலை இரைச்சலிலும் வெடிச்சத்தத்திலும் அக்காதுக்குக் காப்பு அவசியம். ஜென்டமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்று உட்செவியைக் கெடுக்கக்கூடிய மருந்துகளைத் தரும் எந்த மருத்துவரிடமும், ஒரு காது ஏற்கெனவே இல்லை என்பதை நோயாளி முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கேட்பு வரைபடம் எடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒரே காதில் அடைப்போ இரைச்சலோ தோன்றினால், சளி என்று காத்திராமல் அதே நாளில் சோதிக்கப்பட வேண்டும். கேட்கும் ஒரே காதில் அங்கவடி எலும்பு இறுகியிருந்தாலும், அறுவையில் உட்செவி கெடும் சிறு வாய்ப்பையும் ஏற்க இயலாது என்பதால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் அங்கே கத்தியை எடுக்காமல் கேட்கும் கருவியையே பரிந்துரைக்கின்றனர். கொலஸ்டியடோமாபோல் உயிருக்கு ஆபத்தான நோய் அக்காதில் இருந்தால் மட்டுமே அறுவை தவிர்க்கவியலாததாகிறது; அதையும் துறையில் மிகுந்த அனுபவமுள்ளவரே செய்ய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.